மடியில் வந்த வால்வு

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பஸ். ஜன்னலோரம் நான். மடியில் துவாலையால் சுற்றிய ஒரு பொட்டலம். தலைப்பக்கம் உருண்டை, கால்பக்கம் ஒடுக்கம். கைக்குழந்தை அளவுதான் இருக்கும்.

"நேராப் பிடி. சாய்க்காத. உள்ள இருக்கற கம்பி தலமுடி மாதிரி, குலுங்குனா ஒடிஞ்சிரும்" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் ஏற்றிவிட்டிருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் சீட்டிலிருந்து லேசாக எழும்பி, குலுக்கலை முழங்காலில் வாங்கிக்கொண்டேன்.

கண்டக்டர் பார்த்தார். "ஓய், தள்ளி நில்லுலா, கைப்புள்ளக்காரி உக்காந்திருக்குல்ல" என்று பக்கத்தில் சாய்ந்து நின்றவரை விரட்டினார். நான் துவாலையை இன்னும் இழுத்து மூடினேன்.

அடுத்த சீட்டில் ஒரு அக்கா. கை நிறைய வளையல், காலடியில் பாசாரில் காய்கறி வாங்கிய கூடை.

"ஆம்பளப் புள்ளையா?"

தலையை ஆட்டினேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

"மூச்சு முட்டப்போவுதுடி. மூஞ்சியத் தொறந்து வையி" என்று துவாலையை நோக்கிக் கை வந்தது. நான் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு, "தூங்குது" என்றேன்.

அந்தப் பயணம் முழுக்க நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

துவாலைக்குள் இருந்தது ஒரு கண்ணாடி வால்வு. பழைய ரேடியோக்களில் விரல் அளவுக்கு இருக்குமே, அதே சாதி. இது மட்டும் பூதம்.

எச்சில் தொட்டா ஒட்டுவே?

போன வாரம் இதே பகுதியில் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலை மூடிய கதையை எழுதியிருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் மழைக்கோட்டும் பைல் உறையும் செய்கிற இடம் அது. இரண்டு பிளாஸ்டிக் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பித்தளை அச்சை இறக்கிப் பெடலை மிதித்தால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். நூல் இல்லை, பசை இல்லை, நெருப்பும் இல்லை.

ஒட்ட வைப்பது மெஷினுக்குள் இருக்கும் வால்வு. வீட்டுக் கரண்டைப் பெருக்கி அதற்குக் கொடுத்தால், அது அந்தக் கரண்டைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஆட வைத்து அனுப்பும். அந்த ஆட்டத்தில் பிளாஸ்டிக் உள்ளிருந்தே சூடாகும். அதற்கு ஆசிலேட்டர் என்று பெயர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. என் வயதில் பாதி அந்தப் பெடலில்தான் போனது.

மூடியபிறகு வேலை தேடி அலைந்தேன். புதிதாகத் திறந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் சின்னப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அதுவும் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூஜைச் சாமான் கடைக்குக் கற்பூரம் வாங்கப் போனேன். எங்கள் தொழிற்சாலையிலிருந்து திருநீற்றுப் பை வாங்கி விற்றவர் அந்தக் கடைக்காரர். முன்பக்கம் முருகன் படம், பின்பக்கம் திருநீறு போட ஒரு அறை, உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பை. "தைப்பூசம் வருது. ஒங்க பேக்டரியும் மூடிட்டாங்க. இனிமே யாரும்மா செஞ்சு குடுப்பா?" என்று வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"நான் செய்யறேன்" என்றேன்.

எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஐஸ் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். விஷயத்தைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "செய்வே, எதுல செய்வே? எச்சில் தொட்டா ஒட்டுவே?"

"மெஷின் செய்யலாங்க."

"வீட்டுலயா? அது நம்ம வீட்டுக் கரண்டு மாதிரி இல்ல சரசு. தொட்டா 'ஐயோ'ன்னு கத்தக்கூட நேரம் இருக்காது."

"தொடாமச் செய்யலாம்" என்றேன்.

தரையில் போட்ட படம்

எங்கள் தொழிற்சாலை மெஷின்களைப் பழுது பார்த்தவர் லிம் அங்கிள். அவருக்கும் வேலை போயிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மறுநாளே கிள்ளானுக்கு வந்து, எங்கள் முன்கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டார். இங்கே டிரான்ஸ்பார்மர், இங்கே வால்வு, இங்கே காயில், இங்கே கண்டென்சர்.

மெஷின் முடிகிற வரைக்கும் அந்த இடத்தை நான் துடைக்கவில்லை. கோலத்தை மிதிக்காமல் நடப்பது போலச் சுற்றிச் சுற்றியே நடந்தோம்.

எங்கள் தொழிற்சாலையின் பழைய மெஷின் ஒன்று கோலாலம்பூரில் புடு பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதாக லிம் அங்கிளுக்குத் தெரிந்திருந்தது. போய்ப் பார்த்தோம். வெளிக்கூடு நசுங்கிக் கிடந்தது. டிரான்ஸ்பார்மர், அச்சை இறக்குகிற பிரஸ், பித்தளை அச்சு, வால்வு மட்டும் தப்பியிருந்தன. இரும்பெல்லாம் லோரியில் ஏறியது. லோரி குலுக்கலில் வால்வு பிழைக்காது என்றார் அங்கிள். அப்படித்தான் அது என் மடிக்கு வந்து பஸ் ஏறியது.

மற்ற சில்லறைச் சாமான்களுக்கு ஜாலான் பாசார் தெருக் கடைகளில் ஏறி இறங்கினோம். யாரோ ஆபீசில் வேண்டாம் என்று போட்ட இரும்பு அலமாரியே மெஷினுக்குக் கூடு. அதன் கதவைத் திறந்தால் கரண்டு தானாக அறுந்துவிடும்படி ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லி அங்கிள் பிடிவாதமாக நின்றார்.

காயில் என்கிற சுருளைச் சுற்றியது நான். அதற்குக் கம்பி போதாது, செம்புக் குழாய்தான் வேண்டும். ஐஸ்பெட்டிக்குப் போடுகிற குழாயை ஆண்கள் இரண்டு பேரும் வளைத்துப் பார்த்தார்கள். மடிந்து மடிந்து சப்பையாகிவிட்டது. மோரிப் கடற்கரையிலிருந்து மணல் கொண்டு வரச் சொன்னேன். வாணலியில் வறுத்து, சலித்து, குழாய்க்குள் இறுகக் கொட்டி இரண்டு முனையையும் அடைத்தேன். பிறகு பால்மாவு டின்னின் மேல் வைத்து மெல்ல மெல்லச் சுற்றினேன். மடியாமல் வந்தது. மணலைத் தட்டிக் கொட்டினால் காயில்.

"முறுக்கு மாதிரி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பாராட்டுவது அவ்வளவுதான்.

இடது கைக்கு ஒரு பாக்கெட்

லிம் அங்கிள் எங்களிடம் மலாயில் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. "சத்து தாங்கான் டாலாம் போக்கெட், தங்காச்சி." மெஷின் பக்கத்தில் போனால் ஒரு கை எப்போதும் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் வெளியே இருந்தால், ஒரு கை எதிலாவது பட்டு இன்னொரு கை வழியாகக் கரண்டு வெளியேறும். நடுவில் இருப்பது நெஞ்சு.

சொல்வது சுலபம். அவர்களுக்குச் சிலுவார் என்கிற கால்சட்டை இருக்கிறது, பாக்கெட் இருக்கிறது. எனக்கு வீட்டில் கைலியும் சட்டையும்தானே!

அன்று சாயங்காலமே என் சட்டைகள் எல்லாவற்றுக்கும் இடதுபக்கம் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன்.

இங்கே பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு நாலு பேர் முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் நாக்கில் இருக்கும். கை மட்டும் பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். ஓரம் எல்லாம் நைந்து போகும். "பாவாடைய எலி கடிச்சாக்கூட இப்படி ஆவாது" என்று அம்மா திட்டுவார். கல்யாணத்தில் முந்தானை கிழிந்தது. தொழிற்சாலையில் ஏப்ரன் கிழிந்தது.

பாக்கெட் வந்த பிறகு இடது கை அடங்கிவிட்டது. கரண்டுக்குப் பயந்து தைத்த பாக்கெட் மனுஷர்களுக்கும் உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பவுடர் டப்பாவோடு வந்தவர்

ஒருநாள் காலை வாசலில் குரல் கேட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே அக்கா! ஒரு கையில் குழந்தை பவுடர், இன்னொரு கையில் மஞ்சள் நிறத்தில் குட்டிச் சட்டை. பெயர் பாக்கியம். எங்களுக்குப் பின்வரிசை வீடு. புதிதாகக் குடி வந்தவர். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி இந்த வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்திருக்கிறார். புதுக்குழந்தை வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதே!

"எங்கடி புள்ள?"

அலமாரியைக் காட்டினேன்.

"பொட்டிக்குள்ளயா வெச்சிருக்கே?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே வால்வு செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

"அடிப்பாவி! இந்தப் புட்டியவா தாலாட்டிக்கிட்டு வந்தே? நான் வேற மூச்சு முட்டும்னு கவலப்பட்டனே!"

நான் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். அவர் சிரித்த சிரிப்பு வரிசைக் கோடி வரை கேட்டிருக்கும். பவுடரைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. "வெச்சுக்கோ, வேர்க்குருவுக்குப் போடு" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

வரிசை முழுக்கக் கோடு

மெஷினை முதலில் ஓட்டியது ஒரு விடுமுறை நாளில், மத்தியானத்துக்கு மேல். சாமியறையில் விளக்கேற்றிவிட்டு வந்தேன். முதலில் வால்வின் இழை மட்டும். உள்ளே கம்பி ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கனிந்தது. நன்றாகச் சூடேறக் காத்திருந்தோம். பிறகு லிம் அங்கிள் பெரிய சுவிட்சைப் போட்டுவிட்டு, என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். அவர் கையில் பழைய டியூப் லைட் ஒன்று இருந்தது. எந்த வயரோடும் சேராதது. நான் மிதித்ததும் அது அவர் கையிலேயே எரிந்தது. காலை எடுத்தேன், அணைந்தது. மிதித்தேன், எரிந்தது.

என் வீட்டுக்காரர் கும்பிட்டே விட்டார்.

பிளாஸ்டிக்கை வைத்து அழுத்தினேன். தொழிற்சாலையில் நேரம் பார்க்க ஒரு கடிகாரம் உண்டு, இங்கே இல்லை. முருகன் பைதானே என்று 'சரவணபவ' என நிதானமாகச் சொல்லிவிட்டுக் காலை எடுத்தேன். ஓரம் கண்ணாடி போல ஒட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

அந்தக் காலத்தில் டிவியில் வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம்தான். அது ஓடும் நேரத்தில் எங்கள் வரிசையில் துணி காயப்போடக்கூட ஆள் வராது. அன்றைக்கு எல்லாரும் தெருவில் நின்றார்கள். முன்னால் பாக்கியம் அக்கா.

"ஒன் புள்ள அழுவுதுடி சரசு! எங்க டிவி பூரா கோடு! கதாநாயகி மூஞ்சியக் காணோம்!"

என் வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சுவிட்சை அணைத்தார். நான் காலை எடுத்ததுமே டிவிகள் தெளிந்திருந்தன. கூட்டம் கலையவில்லை.

"படம் ஓடறப்ப நிறுத்திடறோம் அக்கா" என்று அவர்தான் சொன்னார்.

"படம் மட்டுமா தம்பி? நாடகம் இருக்கு, செய்தி இருக்கு, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாக்சிக்குப் பந்து வெளயாட்டு இருக்கு. எல்லாத்துக்கும் நிறுத்துனா எப்ப ஓட்டுவீங்க? அரசாங்க ஆபீசுல எழுதிக் குடுத்தா வந்து மெஷினயே தூக்கிட்டுப் போயிருவாங்க. எங்களச் சொல்லக்கூடாது."

அக்கா சொன்னது நியாயம். தைப்பூசத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மெஷின் போனால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். எனக்கு எந்தத் தொழிற்சாலைக் கேட்டும் திறக்காது.

இடது கை பாக்கெட்டில் இருந்தது. நான் பேசினேன்.

"அடுத்த வாரப் படத்துக்குள்ள சரி பண்ணிடறேன் அக்கா. அப்பவும் ஒரு கோடு விழுந்தா, நானே வால்வக் கழட்டி அந்தப் பழைய இரும்புக் கடையிலயே குடுத்துடறேன்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அத்தனை நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

டின் கேட்டுப் போனது

தொழிற்சாலையில் எங்கள் பிரஸ் அறையைச் சுற்றிலும் செம்பு வலை அடித்திருக்கும். திருட்டுக்குப் பயந்து அடித்தது என்று நினைத்துக் கைப்பைகளை அதில் மாட்டி வைப்போம். லிம் அங்கிள் சிரித்தார். "திருடனுக்கு இல்ல தங்காச்சி, டிவிக்கு." மெஷினிலிருந்து கிளம்பும் ஆட்டம் வெளியே போகாமல் தடுக்க ஒரு கூண்டு. மேலே, கீழே, நாலு பக்கமும் உலோகமாக இருக்க வேண்டும், நடுவில் விரிசல் இருக்கக்கூடாது.

செம்பு வலைக்கு நாங்கள் எங்கே போவது? சமையலறையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே தீபாவளி முறுக்கு வைத்த சதுர பிஸ்கெட் டின் காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலை கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டேன். "காலி பிஸ்கெட் டின் இருந்தாக் குடுங்க. ஒங்க டிவிக்காகத்தான்."

"டின்னா? அரிசி கொட்டி வெச்சிருக்கனே!"

"இருக்கு, ஆனா பூனை குட்டி போட்டிருக்கு."

பக்கத்து வீட்டுப் பாக்சி ஹரிராயா பெருநாள் பலகார டின்களைக் கொடுத்தார். பாக்கியம் அக்கா வீட்டில் அடுக்காக இருந்தது. பூப்போட்ட அழகான டின் ஒன்றை மட்டும் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "வெட்டித்தான் ஆவணுமா?"

வெட்டினோம். விரித்துத் தட்டித் தகடாக்கினோம். மெஷின் வைத்த பின்னறைச் சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஆணியடித்தோம். கதவுக்கும் தகடு. அறை முழுக்கப் பூவும் மயிலும் பிஸ்கெட் படமுமாக மின்னியது.

மெஷினைப் போட்டேன். பாக்கியம் அக்கா தன் வீட்டிலிருந்தே கத்தினார். "கோடு!"

சோர்ந்துபோய் உட்கார்ந்தேன். நேரே பாக்கியம் அக்கா வந்துவிட்டார், கையில் டிரான்சிஸ்டர் ரேடியோ. லிம் அங்கிள்தான் அதைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். எங்கே ஓட்டையோ அங்கே ரேடியோ இரையும். அக்கா ரேடியோவைக் கொடுக்கவில்லை, தானே பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். "இங்க அழுவுது... இங்க இல்ல... ஐயோ, இங்க ரொம்ப அழுவுது!"

அழுத இடமெல்லாம் ஒரு தகடும் இன்னொரு தகடும் சேரும் இடம். அங்கிள் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பூவைக் காட்டினார். பெயிண்ட்! தகடு தகட்டைத் தொடவே இல்லை, நடுவில் பூவும் மயிலும் உட்கார்ந்திருந்தன. அழகாக இருக்கிறது என்று நான்தான் பெயிண்டைச் சுரண்ட விடவில்லை.

எல்லாத் தகட்டையும் கழற்றினோம். ஓரத்தைச் சுரண்ட ஆள் வேண்டுமே! அக்கா போய் வரிசையைக் கூப்பிட்டு வந்துவிட்டார். ஆளுக்கொரு கத்தி, உப்புத்தாள். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சுரண்டினார்கள்.

"படம் பாக்க இவ்ளோ பாடுபட்ட பொம்பளைங்க நாமதான்டி."

"ஒம் மாமியாரு குடுத்த டின்னா அது? நல்லாச் சுரண்டு."

பூப்போட்ட டின்னை அக்காவே சுரண்டினார்.

ஓரம் வெள்ளையாக மின்னியதும் ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். வயர் உள்ளே நுழையும் இடத்தில் ஆட்டத்தைத் தடுக்க ஒரு சின்னப் பெட்டியை என் வீட்டுக்காரர் பொருத்தினார். கடைசிக் கதவிடுக்கை அவர் அடைத்து முடித்தபோது, படம் போடும் நேரம் வந்துவிட்டது. ரேடியோவைப் பிடித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

அந்த வாரப் படம்

படம் தொடங்கியதும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தகர அறை அடுப்பு மாதிரி கொதித்தது. கதவைத் திறந்தால் ஆட்டம் வெளியே போய்விடும். வெளியே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. யாராவது கோடு என்று கத்தினால் தகரத்தைத் தட்டும்படி என் வீட்டுக்காரரை வாசலில் நிற்க வைத்திருந்தேன்.

அலமாரியில் விட்டிருந்த சின்ன ஓட்டை வழியாக வால்வின் வெளிச்சம் தெரிந்தது. பிளாஸ்டிக்கை வைத்தேன். மிதித்தேன். சரவணபவ. எடுத்தேன். அடுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. வலது கைதான் வேலை செய்தது. இடது கை பாக்கெட்டுக்குள் பாக்கியம் அக்கா கொடுத்த பவுடர் டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தகரத்தில் தட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. எல்லாருமாக ஆபீசுக்கே போய்விட்டார்களோ?

தட்டு விழுந்தது. தடதடவென்று.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பாக்கியம் அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது.

"ஏண்டி, புள்ளயத் தூங்க வெச்சிட்டியா?" என்று கோபமாகக் கேட்டார். "மெஷினு போடறேன்னு சொல்லிட்டு இப்படிப் போடாம விட்டா என்னா அர்த்தம்? இந்தா கோடு வரும், இந்தா கோடு வரும்னு பாத்துப் பாத்து, யாரு யாரக் கட்டிக்கிட்டான்னே தெரியாமப் படம் முடிஞ்சி போச்சு!"

நகர்ந்து நின்று, வலது கையால் உள்ளே காட்டினேன்.

பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் பாயில் திருநீற்றுப் பைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் முருகன்.

அக்கா குனிந்தார். பிரஸ்ஸில் அச்சுக்குக் கீழே கிடந்த கடைசிப் பையை எடுத்தார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"சூடா இருக்குடி" என்றார்.